பொங்கல் விழாவின் கைவினைப் பந்தலில் வருகிறவர்களின் கையில் மண் படட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் கல்லூரிகளும் தொண்டு அமைப்புகளும் தை மாதத்தில் நடத்தும் பொங்கல் விழாக்களில், உறியடி, கயிறு இழுத்தல், கோலப் போட்டி ஆகியவற்றோடு அண்மைக் காலமாகக் கைவினைப் பந்தல் ஒன்றும் இடம்பெற்று வருகிறது. விழாவுக்கு வருகிறவர்கள் தாங்களே பானை வனைந்து பார்க்கலாம், பனை ஓலையில் பொம்மை செய்யலாம், அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டலாம் என்று அழைப்பிதழிலேயே அச்சிடுகிறார்கள். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன் என்ற முறையிலும், எங்கள் குடியிருப்பின் விழாக் குழுவில் பணியாற்றுகிறவன் என்ற முறையிலும் இதை மனமார வரவேற்கிறேன். இந்தப் பந்தல்கள் பெரும்பாலும் நடத்தப்படும் விதம் மட்டும் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. வருகிறவர் ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை தம் கையால் செய்து பார்க்க அங்கே இடமும் நேரமும் இருக்க வேண்டும் என்பதையும், அதைக் கற்றுக்கொடுக்கும் கைவினைஞருக்கு ஓர் ஆசிரியருக்குரிய ஊதியமும் மரியாதையும் தரப்பட வேண்டும் என்பதையும் வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இப்போது பல இடங்களில் நடப்பது என்னவென்றால், கடையில் மொத்தமாக வாங்கிய அகல் விளக்குகளை மேசையில் அடுக்கி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தூரிகையும் நான்கைந்து வண்ணங்களும் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் அடுத்த பிள்ளைக்கு இடம் விடச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு குயவர் சக்கரத்தோடு அமர்ந்திருப்பார். அவரைச் சுற்றித்தான் கூட்டம் கூடும். பிள்ளையை அவர் அருகில் உட்கார வைத்து, அவர் ஏற்கெனவே வனைந்து முடித்த சட்டியின் விளிம்பில் அதன் இரண்டு கைகளையும் வைக்கச் சொல்லிப் பெற்றோர் படம் எடுத்துக்கொள்வார்கள். படம் எடுத்து முடிந்ததும் கை கழுவிவிட்டு அடுத்த பந்தலுக்குப் போய்விடுவார்கள். அந்தச் சட்டி மறுபடியும் உருட்டப்பட்டு மண்ணாகி அடுத்த படத்துக்குத் தயாராகும். பிள்ளைக்கு மண் என்ன செய்யும், ஏன் அப்படிச் செய்யும் என்று எதுவும் தெரியாது. குயவருக்கும் அன்று கற்றுக்கொடுத்த நிறைவு கிடைப்பதில்லை.

எங்கள் பகுதி விழா ஒன்றில் நான் அருகிலிருந்து கண்டதைச் சொன்னால் என் கருத்து விளங்கும். எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி சக்கரத்தின் முன் அமர்ந்தாள். சக்கரம் சுழலத் தொடங்கியதும் அவள் மண்ணைப் பிடித்த பிடியில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. குயவரான பெரியவர் அவள் கையைப் பிடித்துத் திருத்தவில்லை. அவள் முழங்கைகளை அவளுடைய தொடையிலேயே ஊன்றச் சொன்னார், கைகளில் தண்ணீரைத் தொட்டுக்கொள்ளச் சொன்னார், அழுத்தத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் அப்படியே வைத்திருக்கச் சொன்னார். சற்று நேரத்தில் மண்ணின் ஆட்டம் நின்று, உருண்டை நடுவுக்கு வந்தது. பிறகு கட்டை விரலை நடுவில் இறக்கியதும் குழி விழுந்தது, ஓரம் எழுந்தது, ஒரு பக்கம் மெலிந்து மடிந்தும் போனது. அதை அவர் நூலால் அடியில் அறுத்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, எந்த இடத்தில் சுவர் மெலிந்தது என்பதை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். இதற்குள் வரிசையில் நின்றவர்கள் சலித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். விழா ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து, பெரியவரிடம் சீக்கிரம் முடிக்குமாறு கேட்டுக்கொண்டார். அதன் பிறகு வந்த பிள்ளைகளுக்கு அவரே சட்டியை வனைந்து கொடுத்துவிட்டார். கற்பித்தல் அந்தக் கணத்தோடு முடிந்தது. அவர் மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. கூட்டத்தையும் நேரத்தையும் பார்த்துத்தான் நாம் அவரை அழைத்திருந்தோம்.

ஒரே ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு சில நூறு பேரை வனைய வைக்க முடியாது என்பது உண்மைதான். அதற்கு வழி, சக்கரத்தை, வனைந்து காட்டுவதற்கும் பொறுமையாகக் கற்க விரும்பும் சிலருக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்றவர்களுக்குக் கையாலேயே பிடித்துச் செய்யும் பொருள்களைக் கற்றுக்கொடுப்பதாகும். அகல் விளக்கைச் சக்கரம் இல்லாமலே உள்ளங்கையில் மண்ணை உருட்டி, கட்டை விரலால் குழித்து, திரி வைக்கும் மூக்கை இரண்டு விரலால் கிள்ளி இழுத்துச் செய்துவிடலாம். பாயை விரித்து இருபது பேர் சுற்றி உட்கார்ந்தால் இருபது பேரும் ஒரே நேரத்தில் செய்யலாம். தரையில் உட்கார முடியாத முதியோருக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் ஒரு தாழ்ந்த மேசை போதும். கடையில் வாங்கிய அகலுக்கு வண்ணம் பூசுவதைவிட இதற்கு ஆகும் செலவும் குறைவு.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். விழாவுக்கு முதல் நாள் எங்கிருந்தோ ஒரு மூட்டை மண்ணைக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் அது வேலைக்கு உதவாது. கண்மாயில் வெட்டிய களியையும் வண்டலையும் வேண்டிய அளவில் கலந்து, காயவைத்து, உடைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, ஊறவைத்து, நைஸ் மணல் சேர்த்துக் காலால் மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். சுண்ணாம்புக் கல்லின் சிறு துணுக்கு உள்ளே தங்கிவிட்டாலும், சுட்ட சில நாள்களில் அந்த இடம் பெயர்ந்து விழும். இந்த வேலையின் ஒரு பகுதியையாவது பந்தலில் காட்ட வேண்டும். ஒரு தொட்டியில் மண் ஊறிக்கொண்டிருக்கட்டும், மிதித்துப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் காலைக் கழுவிக்கொண்டு மிதிக்கட்டும். எங்கள் விழாவில் பிள்ளைகள் எல்லாரையும் அதிக நேரம் பிடித்து வைத்திருந்தது இந்த மிதிக்கும் வேலைதான்.

விழாக் குழுக்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது சூளையை. பிள்ளை செய்த பச்சை மண் விளக்கை அப்படியே பையில் போட்டு அனுப்பினால், அது வீடு சேர்வதற்குள் நசுங்கும். தப்பித்து வீடு சேர்ந்தாலும் எண்ணெய் ஊற்ற முடியாது, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அது குப்பைக்குப் போவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, தன் உழைப்பு விளையாட்டாகக் கருதப்பட்டது என்றுதான் தோன்றும். விளக்கின் அடியில் ஒரு குச்சியால் பெயரின் முதலெழுத்தையும் வீட்டு எண்ணையும் கீறிவிட்டு, எல்லாவற்றையும் ஒரு பலகையில் வரிசையாக வைத்துக் குயவரிடமே ஒப்படைக்கலாம். நிழலில் சில நாள் உலர்ந்த பிறகு அவர் தம் அடுத்த சூளையில் தம் பொருள்களோடு சேர்த்துச் சுட்டுக் கொடுப்பார். அதற்குரிய கூலியையும் வண்டி வாடகையையும் முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிட வேண்டும். சூளையில் சில விளக்குகள் வெடிப்பது இயல்பு என்பதையும் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடலாம். சங்க அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளுமாறு அறிவித்தால், விழா முடிந்த பின்னும் அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் சந்திக்க அது ஒரு வாய்ப்பாகவும் அமையும்.

மதுரைக்காரர்களுக்குக் கைவினைஞர்களைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் தலைமுறை தலைமுறையாக மண் பொம்மை செய்கிறார்கள். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை, கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை என்று ஆண்டு முழுவதும் அங்கே வேலை நடக்கிறது. மாட்டுத் தொழுவமும் இடையர்களும் குழந்தை இயேசுவும், தசாவதாரமும் கல்யாண ஊர்வலமும் ஒரே வீட்டு முற்றத்தில் அடுத்தடுத்துக் காய்வதை நம் ஊர்ப் பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பொம்மை செய்யும் முறையையும் பந்தலில் எளிதாகக் கற்றுக்கொடுக்கலாம். முன்பக்க அச்சிலும் பின்பக்க அச்சிலும் தட்டிய மண்ணை ஒரே கனத்தில் அழுத்தி, ஓரங்களில் குழைத்த மண்ணைத் தடவி இரண்டையும் ஒட்டி, ஈரம் சற்று வற்றியதும் அச்சைப் பிரித்தெடுத்து, இணைப்புத் தெரியாமல் விரலால் தேய்க்க வேண்டும். அச்சு இருப்பதால் எல்லாம் ஒன்றுபோல் வந்துவிடும் என்று நினைப்பவர்கள், கண்ணையும் மூக்கையும் திருத்தும் இடத்தில் கைக்குக் கை எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அங்கே கண்டுகொள்வார்கள்.

பனை ஓலைக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை என்று பாடப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளைகளில் பலர் ஓலையைத் தொட்டதே இல்லை. ஓலை வேலைக்கு மண்ணைப் போல் இடமோ தண்ணீரோ தேவையில்லை, பொருளும் அன்றே வீட்டுக்குப் போய்விடும். எனவே கூட்டம் மிகுந்த விழாவுக்கு அதுவே மிகவும் பொருத்தமானது. ஆனால் ஓலையைப் பதமாகக் கொண்டுவருவதில்தான் எல்லாம் இருக்கிறது. காய்ந்த ஓலை மடிக்கும்போதே வெடித்துவிடும். முன்னிரவே நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, மறுநாள் காலையில் ஈர்க்கைக் கிழித்தெடுத்து, ஒரே அகலத்தில் நறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆயத்த வேலைக்கு ஒருவருக்குப் பாதி நாள் பிடிக்கும், அதையும் கூலிக் கணக்கில் சேர்க்க வேண்டும். பந்தலில் முதலில் காற்றாடி செய்யச் சொல்லலாம். இரண்டு ஓலைத் துண்டுகளைக் குறுக்காகக் கோத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, முள்ளின் முனையை ஒரு குச்சியில் செருகிவிட்டால் போதும். முள்ளுக்கும் ஓலைக்கும் இடையே சற்றுத் தளர்வு விடாவிட்டால் காற்றாடி சுற்றாது. அந்தத் தளர்வு எவ்வளவு என்பதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, பிள்ளை காற்றடிக்கும் திசையில் ஓடிப் பார்த்துத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அதை முடித்தவர்களுக்கு உள்ளே சிறு கூழாங்கற்களை வைத்து முடையும் கிலுகிலுப்பையைக் கற்றுக்கொடுக்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டுத் தாய்மார்களும் பாட்டிமார்களும் இதற்கு ஆர்வமாக வந்து அமர்கிறார்கள். அவர்களில் சிலருக்குச் சிறு வயதில் செய்த பழக்கம் விரல்களில் அப்படியே இருக்கிறது.

பெரியவர்களுக்கான கைவேலை ஒன்றும் பந்தலில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுப் பெற்றோர் கைப்பேசியோடு பின்னால் நிற்கும் ஏற்பாடு எனக்கு ஒப்புதல் இல்லை. பின்னால் நிற்கும் பெற்றோர் பொறுமை இழந்து, பிள்ளை கையிலிருந்து வாங்கித் தாங்களே முடித்துக் கொடுத்துவிடுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். மதுரையில் இதற்குச் சுங்குடி இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சுங்குடிச் சேலையில் ஒவ்வொரு புள்ளியும், துணியை நகத்தால் சிறிதே கிள்ளித் தூக்கி, அடியில் நூலைச் சுற்றி இறுக்கிப் போட்ட ஒரு முடிச்சு. சாயத்தில் தோய்த்து உலர்த்திப் பிரித்தால், நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாமல் வட்டமாகப் புள்ளி நிற்கும். நம் ஊர்ச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முடிச்சிட்டு வளர்த்த கலை இது. இப்போது கடையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சிட்ட துணிதான். ஒரு கைக்குட்டை அளவுத் துணியை எடுத்து, சுண்ணாம்புக் குறியிட்ட இடங்களில் பத்து முடிச்சுகளைப் போட்டுப் பார்க்கட்டும். பத்தாவது முடிச்சுக்கு வருவதற்குள் விரல் நுனி வலிக்கும், புள்ளிகளும் ஒரே அளவில் அமைந்திருக்கா. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுகிற பெண்ணிடம் அதன் பிறகு யாரும் விலையைக் குறைத்துக் கேட்கமாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். சாயம் தோய்க்கும் வேலையை மட்டும் பொறுப்பான ஒருவர் தனியிடத்தில் செய்ய வேண்டும், சூடான சாயப் பானையின் அருகே பிள்ளைகளை விடக் கூடாது.

கோலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோலப் போட்டி எல்லா விழாவிலும் உண்டு, கோலம் கற்றுக்கொடுக்கும் இடம்தான் எங்கும் இல்லை. போட்டிக்குக் கயிறு கட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் தரையைச் சாணமிட்டு மெழுகி, நம் குடியிருப்பிலேயே நன்றாகச் சிக்குக் கோலம் போடும் இரண்டு மூன்று அம்மாக்களை அமர்த்தி, மாவை விரலிடுக்கில் பிடித்து இழை அறுபடாமல் விடுவதை ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கலாம்.

தெர்மாகோல், பளபளப்புத் தூள், நெகிழிப் பூக்கள் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் ‘கைவினை’ப் பெட்டிகளை மொத்தமாக வாங்கி விநியோகிப்பதைத் தயவுசெய்து கைவிட வேண்டும். வெட்டி ஒட்டுவதற்கு எல்லாம் முன்பே நறுக்கி வைக்கப்பட்ட அந்தப் பெட்டியில் பிள்ளை முடிவு செய்ய எதுவும் மிச்சமில்லை. விழா முடிந்த மறுநாள் காலையில் மைதானத்தைக் கூட்டும் தூய்மைப் பணியாளர்களுக்கும் அது கூடுதல் வேலை.

இனி ஊதியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே இதுதான். பல விழாக்களில் கைவினைஞர்களுக்கு இலவசமாக இடம் தருகிறோம், அவர்கள் பொருள்களை விற்றுக்கொள்ளட்டும், அதற்கு ஈடாகப் பிள்ளைகளுக்குச் சற்றுக் கற்றுக்கொடுக்கட்டும் என்று பேசுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு நடைமுறையில் அநியாயமாக முடிகிறது. நாள் முழுவதும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரால் விற்பனையைக் கவனிக்க முடியாது, விற்பனையைக் கவனித்தால் கற்றுக்கொடுக்க முடியாது. கையில் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்ட பிள்ளையின் பெற்றோர், அதே போன்ற ஒன்றை விலை கொடுத்து வாங்குவதும் அரிது. மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் கொடுத்து ஏற்பாடு செய்கிற நாம், விழாவுக்கு வருகிறவர்கள் அதிக நேரம் செலவிடும் பந்தலின் ஆசிரியரை மட்டும் அன்றைய விற்பனையை நம்பி வரச் சொல்வது முறையாகாது. ஒரு கொத்தனாருக்கு நம் வட்டாரத்தில் கொடுக்கும் நாள் கூலிக்குக் குறையாத தொகையைக் கைவினைஞருக்கும், உதவிக்கு வருகிறவருக்குத் தனியாகவும், பொருளுக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவை வேறாகவும் எழுத்தில் பேசி, பாதியை முன்பணமாகத் தர வேண்டும். மழை பெய்து விழா தள்ளிப்போனாலும் அந்த முன்பணத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது.

தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் இருபத்தைந்து தொழில்களைச் சேர்ந்தவர்களுக்கு மானியத்துடன் மூன்று லட்சம் ரூபாய் வரை கடன் கிடைக்கிறது. கருவி வாங்கவும் தொழிலை விரிவுபடுத்தவும் அது உதவும். கடனைத் திருப்பிக் கட்ட வருமானம் வேண்டுமல்லவா? ஆண்டுக்குச் சில விழாக்களில் கற்பிக்கும் ஊதியம் உறுதியாகக் கிடைக்குமானால், அதுவும் அந்த வருமானத்தின் ஒரு பகுதியாகும். பொங்கல் பரிசுத் தொகுப்பில் மண்பானையையும் மண் அடுப்பையும் சேர்க்க வேண்டும் என்று மண்பாண்டத் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அது அரசு முடிவு செய்ய வேண்டியது. நம் தெருவில் நடக்கும் விழாவில் அவர்களுக்கு என்ன தருகிறோம் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

மரியாதையும் ஊதியத்தைச் சேர்ந்ததே. ஒலிபெருக்கியில் சிறப்பு விருந்தினரை அவருடைய பட்டங்களோடு அறிவிக்கிற நாம், பானை வனைகிறவரைச் சாதிப் பெயரால் குறிப்பிடுவதும், வயதில் மூத்தவரை ஒருமையில் அழைப்பதும் இன்னும் நின்றபாடில்லை. பந்தலின் முகப்பில் அவர் பெயரையும் ஊரையும் அவர் செய்யும் தொழிலையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். பிள்ளைகளை அவரை ஐயா என்றோ அம்மா என்றோ அழைக்கப் பழக்க வேண்டும். விழா நிறைவில் பொன்னாடையை விருந்தினர்களுக்குப் போர்த்துவது போலவே அவருக்கும் மேடையில் வைத்துப் போர்த்த வேண்டும். இந்தத் தொழிலில் தம் பிள்ளைகள் தொடர வேண்டாம் என்று கைவினைஞர்கள் நினைப்பதற்கு வருமானக் குறைவு மட்டுமே காரணமில்லை, தொழிலின் பெயரால் பட்ட அவமதிப்பும் காரணம் என்பதை அவர்களோடு பழகியவர்கள் அறிவார்கள்.

கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைக்க வேண்டும் என்று காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியை நம் மாவட்டம் மறந்துவிடக் கூடாது. கிராமத் தொழில்களின் பொருளாதாரத்தை வாழ்நாளெல்லாம் எழுதிய ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தது தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். பள்ளியில் தக்ளி என்னும் கைக்கதிரில் நூல் நூற்ற தலைமுறையினர் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். பாட வேளைகளில் கைத்தொழில் வகுப்பு சுருங்கிப்போன பிறகு, ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்பதைக் கையால் அறிவதற்குப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வாய்ப்பு மிகவும் அரிதாகிவிட்டது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடத்தப்படும் கலைத் திருவிழா இந்தக் குறையை ஓரளவு போக்குகிறது என்றாலும், அது போட்டியாகவே நடப்பதால் ஏற்கெனவே திறமை உள்ளவர்களே அதில் முன்னுக்கு வருகிறார்கள். முதன்முறை மண்ணைத் தொடுகிற பிள்ளைக்கும், அறுபது வயதில் ஆசைப்படுகிற பெரியவருக்கும் தோல்வி பயமின்றி முயன்று பார்க்க ஏற்ற இடம் ஊர் விழாவே.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். சித்திரைத் திருவிழாவை ஒட்டி இங்கே நடைபெறும் அரசுப் பொருட்காட்சிக்கு மதுரை மட்டுமின்றிப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அங்கே துறைவாரியாக அரங்குகள் இருக்கின்றன. அவற்றோடு, நாளொரு கைவினைஞர் வீதம் அமர்ந்து வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நிரந்தரப் பந்தல் ஒன்றையும் அமைக்கலாம். 1973-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமான பூம்புகார், எந்தத் தொழிலுக்கு யாரை அழைக்கலாம் என்று வழிகாட்ட முடியும். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அங்கே கடம் என்னும் மண் தாளக் கருவியைச் செய்கிறவர்கள் மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவர் வந்து, சுட்ட கடத்தைத் தட்டி நாதத்தைச் சோதிப்பதைக் காட்டினால் இசை பயிலும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய பாடம்! சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ரா என்னும் கலை, கைவினை அருங்காட்சியகத்தில் வருகிறவர்கள் கட்டணம் செலுத்திக் கைவினைகளைச் செய்து பார்க்க ஏற்பாடு இருக்கிறது. சென்னைக்குச் செல்லும் வாய்ப்புள்ள விழாக் குழுவினர் ஒருமுறை போய், அங்கே இடமும் நேரமும் எப்படி ஒதுக்கப்படுகின்றன என்று பார்த்து வருவது பயன் தரும். சுற்றுலாத் துறை வெளிநாட்டுப் பயணிகளைக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று நடத்தும் பொங்கல் விழாவில் பானை வனைவதும் கோலமும் தவறாமல் இடம்பெறுகின்றன. விருந்தினருக்குக் காட்டுகிற அந்த அக்கறையில் ஒரு பங்கு உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

கடைசியாக, காலத்தைப் பற்றி விழாக் குழுக்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. பெரும்பாலான குழுக்கள் மார்கழி பிறந்த பிறகே கூடிப் பேசி, தை முதல் நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் விழாவை வைத்து, குயவரை அன்றைக்கு அழைக்கிறார்கள். ஆண்டிலேயே பானையும் அடுப்பும் மிக அதிகமாக விற்கும் நாள்கள் அவை. அன்று அவரைச் சந்தையிலிருந்து எடுத்து நம் பந்தலில் உட்கார வைத்தால் அவருக்கு நட்டமே. மாட்டுப் பொங்கலன்று பாலமேட்டிலும், காணும் பொங்கலன்று அலங்காநல்லூரிலும் நடக்கும் ஜல்லிக்கட்டில் நம் ஊரின் கண் முழுவதும் இருக்கும் என்பதால் அந்நாள்களும் சரிவரா. அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையே கைவினைப் பந்தலுக்கு ஏற்றது. பானை விற்பனை அப்போது ஓய்ந்திருக்கும், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் விற்றுத் தீர்ந்த விளாச்சேரிக்காரர்களுக்கும் வேலை நெருக்கடி குறைந்திருக்கும். மண்ணைப் பொறுத்தவரை இன்னும் முன்னதாகவே எண்ண வேண்டும். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பிவிட்டால் பிறகு மண் எடுக்க வழியில்லை, கோடையில் வெட்டிச் சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் கார்த்திகை விளக்குகளையும் பொங்கல் பானைகளையும் செய்து முடிக்கிறார்கள். நம் பந்தலுக்கு எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு மண் தேவைப்படும் என்பதை அதற்கு முன்பே அவரிடம் சொல்லி, அதற்குரிய பணத்தையும் கொடுத்துவிட்டால்தான் அவரால் ஒதுக்கி வைக்க முடியும். ஆகவே வரும் பொங்கலுக்கு இத்தகைய பந்தல் அமைக்க விரும்பும் சங்கங்கள் புரட்டாசி முடிவதற்குள் கைவினைஞர்களின் வீட்டுக்கே நேரில் சென்று, நாளையும் ஊதியத்தையும் பேசி உறுதி செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் விழாச் செய்திகளில் சிறப்பு விருந்தினர்களின் பெயர்களோடு, கற்றுக்கொடுத்த கைவினைஞர்களின் பெயரையும் ஊரையும் வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
மதுரை.